இருபது முகப் பகடையும் பிரகாசி கொடுத்த கோலும்

மந்திமட்டத்தில் மழை பிடித்தால் பிடித்ததுதான். ஆனி பிறந்ததும் மலைமேல் வந்து உட்காரும் மேகம் ஐப்பசி கழிந்த பிறகுதான் எழுந்து போகும் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் குடையோடு பிறந்து குடையோடு சாகிறவர்கள் என்று சமவெளிக்காரர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும், அவர்களுக்கென்ன தெரியும். அப்படி ஒரு மழைக்காலத்துத் திங்கட்கிழமை விடியலில், பஸ் டிரைவர் அருளப்பன் வீட்டு அடுப்படியில், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில், ஆளுயரக் கோல் ஒன்று சாய்ந்து நின்றது. இப்போதுதான் மரத்திலிருந்து ஒடித்த மாதிரி பச்சை வாசனை அடித்தது, நுனியில் இலை துளிர்த்திருந்தது. அருளப்பனின் மனைவி பிரகாசி அதைப் பார்த்தாள், பால் பொங்குகிறதா என்று அடுப்பையும் பார்த்தாள், பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏங்க, நேத்து நான் உங்களுக்குக் குடுத்த கோலு வந்துருச்சு. வந்து எடுத்து வையுங்க, காலு இடறுது" என்றாள்.

நேற்று அவள் கொடுத்தது ஆட்டத்தில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறியும் சோறும் சாப்பிட்டு, மழைக்கு எங்கேயும் போக முடியாத மத்தியானங்களில் அருளப்பன் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் அது. குடைக்கடை நாகூர்கனி கோயம்புத்தூரில் படித்தபோது கற்றுக்கொண்டு வந்தது. இதற்குக் கட்டமும் வேண்டாம் காயும் வேண்டாம், ஒருத்தன் கதைக்காரன், அவன் "குகை வாசல்ல நிக்கிறீங்க, உள்ள என்னமோ மூச்சு விடுது, என்ன செய்றீங்க?" என்று கேட்பான், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள், சொன்னது பலித்ததா பலிக்கவில்லையா என்பதை இருபது முகம் வைத்த ஒரு பகடை சொல்லும். நாகூர்கனிதான் கதைக்காரன். நடுநிலைப் பள்ளி சௌந்தரம் டீச்சர் மந்திரவாதி. பிரகாசி மந்திரம் சொல்லிக் காயம் ஆற்றும் வைத்தியச்சி. அருளப்பன் வெறும் வாள்வீரன். மந்திரக்காரனுக்குப் படிக்க நிறைய இருக்கிறது என்று தெரிந்ததுமே, "வாரம் பூரா கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்புறவன் நானு, ஞாயித்துக்கெழமையும் மண்டையைத் திருப்ப முடியாது, கையில கத்தி குடு போதும்" என்று சொல்லிவிட்டான்.

அந்த வாள்வீரனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதையில் கிடைத்த மருந்துக்குப்பி, பறக்கவைக்கும் இறகு, நெருப்பு அம்பு எல்லாவற்றையும் பையில் போட்டு முடிந்துகொள்வான், எடுக்கவே மாட்டான். "பெரிய சண்டை வரும், அப்ப எடுக்கலாம்" என்பான். பெரிய சண்டையெல்லாம் வந்தது, போனது, பை முடிச்சு அவிழவில்லை. "உங்க ஆளு செத்தா அந்தப் பையை வச்சு ஊருக்கொரு மருந்துக்கடை திறக்கலாம்" என்று டீச்சர் கிண்டல் செய்வார். நிஜத்திலும் அப்படித்தான், பரிசாக வந்த குக்கர் அட்டைப்பெட்டியைவிட்டு இறங்கவே இல்லை, பிரகாசி காது உடைந்த பழைய குக்கரில்தான் சமைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதைக்காரன் கண்ணால் பார்க்காத உருட்டல் செல்லாது என்று அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. நாகூர்கனி டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் சௌந்தரம் டீச்சர் தனியாக உருட்டி, இருபது விழுந்தது, டிராகன் செத்தது என்று சாதித்து, அந்தச் சண்டை வாரக்கணக்கில் ஓடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு கடையில் குடை வாங்கும் அளவுக்குப் போனபிறகு வந்த விதி. அருளப்பன் பொய் சொல்லத் தெரியாத மனிதன், விதியென்றால் அவனுக்கு விதி. நாகூர்கனி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினால்கூட, "போட்டுக்கப்பா, அப்புறம் உருட்டுறேன்" என்று பகடையை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டிருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதையில் ஆறு பெருகிப் பாதை பிரிந்தது. வைத்தியச்சி அக்கரைக்குப் போகவேண்டும், வாள்வீரன் இக்கரையில் நிற்கவேண்டும். நிஜத்தில் பிரகாசிக்கு அதற்கு முன்பே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, மாத்திரை போடுங்கள், முத்தினால் பார்க்கலாம் என்று கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் இழுத்து இழுத்து மூச்சுவிட்டபடியே, "என் கோலை இவருக்குக் குடுக்கிறேன். நான் கூட இல்லாதப்ப உதவும்" என்றாள். நாகூர்கனி யோசித்துவிட்டுச் சட்டம் சொன்னான்: "அக்கா குடுத்ததால அது அண்ணன் கையில மட்டும்தான் பேசும். ஆனா அண்ணனுக்கு மந்திரம் தெரியாதே, அதனால ஒவ்வொரு தடவையும் உருட்டணும். பன்னெண்டும் அதுக்கு மேலயும்னா காயம் ஆறும், நோவு போகும். கொறஞ்சா மறுநாள் உருட்டிக்கலாம். ஒண்ணு விழுந்துச்சுன்னா மட்டும் அந்தக் கைக்கு அது வெறும் விறகு, ஆயுசுக்கும். செத்தவங்ககிட்ட எதுவும் பேசாது." மறுநாள் காலையில் கோல் அடுப்படிக்கு வந்துவிட்டது.

மந்திமட்டம் அதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. பால்காரி பார்த்துவிட்டுப் போய் டீக்கடையில் சொன்னாள், டீக்கடையில் அதைக் கேட்டவர்கள் "மழையில விட்டா உளுத்துப்போகும், வேப்பெண்ணெய் தடவச் சொல்லு" என்றார்கள். பங்குச்சாமியார் வந்து கோலைத் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. பள்ளிவாசல் அசரத் வந்து ஓதி ஊதினார், அசையவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டு இழுத்தார், அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அருளப்பன் வந்து மூலையில் கிடந்த துடைப்பத்தைத் தள்ளிவிட்டு ஒரு கையால் எடுத்து வேறு மூலையில் வைத்தான். மூன்று சாமிக்கும் அடங்காதது ஒரு பஸ் டிரைவர் கைக்கு அடங்குகிறதே என்று யாரும் மனம் கோணவில்லை, அவனவன் பொண்டாட்டி கொடுத்தது அவனவனுக்கு, இதில் நாம் பேச என்ன இருக்கிறது என்று மூன்று பேரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். கோல் இருக்கும் வீட்டு வாசலில் தும்மக்கூடாது, பகடை அதிர்ந்துவிடும் என்று ஒரு வழக்கம் தானாக வந்தது. தேயிலைக்காட்டுப் பெண்கள் வேலைக்குப் போகும்போது சன்னலில் ஓர் இஞ்சித்துண்டு வைத்துவிட்டுப் போனார்கள், ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது. பஸ்ஸில் ஏறியவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால், பகடையை வலதுகையால் உருட்டினால் நல்லதா இடதுகையால் உருட்டினால் நல்லதா என்று கடைசி சீட்டுவரைக்கும் கத்திச் சண்டை போட்டார்கள்.

கண்டக்டர் மாசிலாமணிக்கு நகச்சுற்று வந்து விரல் வெள்ளரிப்பிஞ்சு கணக்காக வீங்கியிருந்தது. முதலில் அவனுக்குப் போட்டுப் பார்ப்போம் என்று, நாகூர்கனியை வரவழைத்து எதிரில் உட்காரவைத்து, வாசலில் ஊரே நிற்க, அருளப்பன் ஒரு கையில் கோலைப் பிடித்து மறுகையால் உருட்டினான். பதினைந்து விழுந்தது. கோல் நுனியில் இலைகள் ஒருதரம் சலசலத்தன, மாசிலாமணி விரலை மடக்கினான், நீட்டினான், "அட போச்சுப்பா!" என்று சிரித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அருளப்பன் கைதட்டவில்லை. அந்தப் பகடை பதினைந்துக்குப் போவதற்கு முன்னால் ஒன்றின்மேல் நின்று, தயங்கி, அப்புறம்தான் புரண்டது. அதை அவன் ஒருத்தன்தான் பார்த்தான்.

அதோடு சரி. கோலைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டான்.

"மாசிலாமணி விரலுக்குப் போட்டீங்களே, எனக்குப் போடப்படாதா?" என்று பிரகாசி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு இப்ப மாத்திரை கேக்குதுல்ல?"

"கேக்குது, கேக்காமலும் இருக்குது."

"கேக்குற வரைக்கும் மாத்திரை ஓடட்டும் புள்ள. சுத்தமாக் கேக்கலைன்னு ஒரு நாள் வரும்ல, அன்னைக்குக் கோலு. இப்பப் போட்டு ஒண்ணு விழுந்துச்சுன்னா, அப்புறம் அன்னைக்கு நான் எதைத் தூக்கிட்டு வருவேன்?"

"இதுவும் குக்கரு மாதிரிதானா?" என்று அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. அவனுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது, பயம்தான் நின்றது. பிரகாசி இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, நினைக்கப் பார்த்தால் வளைவில் பிரேக் பிடிக்க மறந்துவிடுகிறது.

ஊர் வந்து கேட்டது. மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று வந்தார்கள். உருட்டுகிற ஒவ்வொரு உருட்டலிலும் அந்த ஒன்று ஒளிந்திருக்கிறது, அது யாருக்காக உருட்டும்போது வந்தாலும் என் பெண்டாட்டிக்குத்தான் விழுந்ததாகும் என்று அவன் எல்லோரிடமும் மறைக்காமல் சொன்னான். நியாயம்தானே என்று முதலில் திரும்பிப் போனார்கள்.

பிறகு, ஆவணி மழையில், தேயிலைக்காட்டில் மருந்தடிக்கும் பேச்சிமுத்துவைக் காட்டெருமை முட்டித் தூக்கிவிட்டது. தொடை கிழிந்து எலும்பு தெரிய, தார்ப்பாயில் போட்டு எட்டுப்பேர் தூக்கிக்கொண்டு நேராக அருளப்பன் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பேச்சிமுத்துவின் பெண்டாட்டி செண்பகம் சேற்றோடு காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, ஒரு உருட்டு அண்ணே. இருபது முகத்துல ஒரு மொகந்தானே கெட்டது!"

"அந்த ஒரு மொகத்தை நான் பார்த்துட்டேன் தாயி" என்றான் அருளப்பன். "பஸ்ஸை எடுக்கிறேன். எல்லாரும் ஏறுங்க. ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோறேன்."

"ஏங்க, போடுங்க" என்று உள்ளிருந்து பிரகாசி சொன்னாள். "என்னைய நினைக்காதீங்க. அந்தப் பய துடிக்கிறதைப் பாருங்க."

அவன் பரணை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டுப் பஸ் சாவியை எடுத்தான். அன்று அந்த வளைவுகளில் அவன் ஓட்டிய மாதிரி வேறு எவனும் ஓட்டியிருக்க முடியாது, பேச்சிமுத்து உயிரோடு போய்ச் சேர்ந்தான், கால்தான் சேரவில்லை. தொடையோடு எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஊர் அவனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டது. வைக்கோல்போரில் படுத்த நாய், தானும் தின்னாது மாட்டையும் தின்ன விடாது என்று அவன் காதுபடவே சொன்னார்கள். ஊருக்கு இருப்பதே ஒரு பஸ், ஏறாமல் இருக்க முடியாது. ஏறினார்கள், ஆனால் எல்லோரும் பின்பக்கமே நெருக்கியடித்து நின்றார்கள், டிரைவர் பக்கத்து நீள சீட் காலியாகவே மலை ஏறி இறங்கியது. சன்னலில் இஞ்சி வைப்பதும் நின்றது. பிரகாசி மட்டும் மூச்சு வாங்க வாங்க வாரத்துக்கு இரண்டு தடவை மேட்டின்மேல் இருந்த செண்பகத்தின் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மேட்டை ஏறாதே என்று அவன் சொன்னான். "நீங்க ஏறலையே, அதான் நான் ஏறுறேன்" என்றாள்.

மேடு ஏறினதாலோ, நாள் வந்ததாலோ, புரட்டாசியில் அவள் படுத்துவிட்டாள். அந்த நாள் எப்படிப்பட்ட நாள் தெரியுமா, மாதக்கணக்கில் முகம் காட்டாத வெயில் அன்றைக்கென்று பார்த்துப் பளீரென்று அடித்தது. ஊர் முழுக்கத் துணியும் மெத்தையும் வெளியே காய்ந்தன. மத்தியானம் பிரகாசிக்கு மாத்திரை கேட்கவில்லை. மூன்று தலையணை வைத்துச் சாய்த்தும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை, உதடு நீலம் பாரித்தது.

"இப்பப் போடலாமாங்க?" என்றாள்.

"இப்பத்தான் புள்ள. இன்னைக்குத்தான்" என்று அருளப்பன் பரணில் ஏறிக் கோலை இறக்கினான். போர்வைக்குள் அது அப்படியே பச்சையாக இருந்தது. ஜெபமாலையோடு வைத்திருந்த பகடையை எடுத்துக் கழுவினான், துடைத்தான், கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான், கையைக் குவித்துக் குலுக்கினான். குலுக்கியவன் நிறுத்திவிட்டான்.

"நாகூர் இல்லையே" என்றான்.

"அட... உருட்டுங்க. நான் பாக்குறேன்ல."

"நீ பார்த்தாச் செல்லாதே புள்ள. கதைக்காரன்ல பார்க்கணும். இத்தனை நாளு இதுக்காகத்தானே வச்சிருந்தேன். விழுந்து, விழுந்தது செல்லாமப் போயிருச்சுன்னா? இந்தா இருக்கு கடை. ஓடிக் கூட்டிட்டு வந்துடுறேன். கண்ணை மூடாத, என்ன? மூடாத."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மூச்சுதான் வந்தது. பகடையை இறுக்கிப் பிடித்தபடி அவன் ஓடினான்.

குடைக்கடை சாத்தியிருந்தது. வெயிலடிக்கும் நாளில் குடைக்கடையில் எவன் உட்கார்ந்திருப்பான்? நாகூர்கனி கடையிலிருந்த குடைகளையெல்லாம், பழுது பார்க்க வந்தவை, விற்காதவை, பூஞ்சை பிடித்தவை, அத்தனையையும் பள்ளிக்கூட மைதானத்தில் விரித்துக் காயப்போட்டிருந்தான். கறுப்பும் பூப்போட்டதுமாக மைதானம் தெரியாமல் குடைகள், அவன் அதற்குள் எங்கோ ஒரு குடையின் நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். "நாகூரு! ஏய் நாகூரு!" என்று கத்திக்கொண்டே அருளப்பன் ஒவ்வொரு குடையாகத் தூக்கிப் பார்த்தான். காற்றில் அவை உருண்டன, தூக்கிப் பார்த்த குடையையே மறுபடி தூக்கினான், கம்பி குத்திக் கையில் ரத்தம் வந்தது. மதிய சாப்பாடு முடிந்து வந்த சௌந்தரம் டீச்சர் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் அவரும் தேடினார். கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார். மூன்று பேரும் ஓடினார்கள்.

வந்தபோது பிரகாசி கண்ணை மூடியிருக்கவில்லை. வாசலைப் பார்த்தபடி திறந்தே இருந்தது. டீச்சர் போய் மூக்கருகில் கைவைத்துப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்.

"நாகூரு, பாரு. பார்த்துக்கிட்டே இரு" என்று சொல்லி அருளப்பன் கோலை அவள் நெஞ்சருகே பிடித்து உருட்டினான். பகடை சிமென்ட் தரையில் ஒரே ஓட்டமாக ஓடி, எங்கேயும் தயங்காமல், இருபதில் போய் நின்றது. கோல் அன்று பேசியது போல் என்றும் பேசியதில்லை. இலையெல்லாம் சலசலத்து, வீடு முழுக்கப் பச்சை வாசனை நிறைந்து, குடைக்கம்பி குத்திய அவன் கை மூடிக்கொண்டது, டீச்சரின் வருஷக்கணக்கான சளி விட்டது, நாகூர்கனி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினான், பக்கத்து வீட்டில் காய்ச்சலில் கிடந்த குழந்தை எழுந்து சோறு கேட்டது, நொண்டி நடக்கும் தெரு நாய் ஓடியது. அந்த வீட்டு வரிசையில் உயிரோடிருந்த எல்லாவற்றுக்கும் எல்லாம் ஆறியது. பிரகாசி அப்படியே கிடந்தாள்.

அடக்கம் முடிந்து கல்லறை மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் நாகூர்கனிக்கு விஷயம் முழுக்கத் தெரிந்தது. அவன் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னைய எதுக்குண்ணே தேடி வந்தீங்க? நீங்களே உருட்டிப்புட்டு, விழுந்துச்சுடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இல்லைன்னா சொல்லப்போறேன்? ஊருல வேற யாரு வாயை நம்புறேன் நான்?"

"செல்லாதுன்னு நீதானப்பா சொன்ன."

"அது டீச்சருக்காகச் சொன்னதுண்ணே!" என்று நாகூர்கனி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். டீச்சரும் அங்கேதான் நின்றார். யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து அருளப்பன் உருட்டுகிறான். கதைக்காரன் வேண்டாம், வாசலில் தும்மினாலும் பரவாயில்லை. தலைவலியென்றால் உருட்டுகிறான், கொசுக்கடியென்றால் உருட்டுகிறான். கோலை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே செருகி வைத்துக்கொண்டு, வளைவில் யாருக்காவது குமட்டினால் வண்டியை ஓரங்கட்டி உருட்டுகிறான். "சின்ன விஷயந்தான் அண்ணே, நாளைக்கு வரட்டுமா?" என்று யாராவது கேட்டால் அவன் முகம் மாறிவிடும், "இப்பவே, இப்பவே உக்காரு" என்று பகடையைத் தேடுவான். பன்னிரண்டுக்குக் கீழே இதுவரை ஒரு தடவைகூட விழவில்லை. ஒன்று விழட்டும், விழுந்து தொலையட்டும், கோலை அடுப்பில் வைத்து ஒரு உலை வெந்நீராவது போட்டுக்கொள்கிறேன் என்று அவன் வேண்டிக்கொண்டு உருட்டுகிறான், விழமாட்டேன் என்கிறது. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. ஊருக்கு வெட்கமெல்லாம் கொஞ்ச நாள்தான். முன்சீட்டு மறுபடி நிறைந்தது, சன்னலில் இஞ்சி குவிந்து அழுகி நாறியது, மந்திமட்டத்தில் இருமல் என்றால் என்ன என்று கேட்கும் நிலைமை வந்துவிட்டது. அருளப்பனுக்கும் உடம்பில் ஒரு குறையுமில்லை. பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

தையில் ஒரு நாள் பேச்சிமுத்து வந்தான். கட்டையை ஊன்றி, செண்பகம் தோளைப் பிடித்து அந்த மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தான். அருளப்பன் எழுந்து நின்றான்.

"சளிதான் அண்ணே" என்றான் பேச்சிமுத்து. "ரெண்டு நாளா மூக்கடைப்பு."

அருளப்பன் உருட்டினான். பதினெட்டு. இலை சலசலத்தது, பேச்சிமுத்து நன்றாக மூச்சை இழுத்துவிட்டான். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

"காலு வராது பேச்சி" என்றான் அருளப்பன். "அது ஆறிப்போன காயம். ஆறினதுக்கு இது பேசாது."

"தெரியும்ண்ணே. நான் சளிக்குத்தான் வந்தேன்."

செண்பகம் வாசலில் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சிமுத்து கட்டையை எடுத்தான், கிளம்பப் பார்த்தான்.

"இரு, இரு" என்று அருளப்பன் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தான். "வேற எங்கயாச்சும் வலிக்குதா? முதுகு? பல்லு? கட்டை ஊணுற கக்கத்துல புண்ணு கிண்ணு?"

"இல்லண்ணே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு பேச்சி. எங்கயாவது கொஞ்சம் வலிக்கும்."

பேச்சிமுத்து அவனுக்காக யோசித்துப் பார்த்தான். பிறகு இல்லையென்று மெதுவாகத் தலையசைத்தான். அருளப்பன் பகடையைக் கைக்குள் வைத்துக் குலுக்கியபடி, இல்லையா, எங்கேயுமே இல்லையா, நல்லா யோசி, நல்லா யோசி என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.